இடது விலாவுக்குக் கீழே

வாருங்கள். தலையைக் குனிந்து வாருங்கள். இந்தச் சலவைக்கூடத்தின் நிலைவாசல் தாழ்வானது. உள்ளே நுழைந்ததும் நீராவியைப் பார்த்து வியக்காதீர்கள். உருளும் இயந்திரங்களைப் பார்த்து மலைக்காதீர்கள். தரையைப் பாருங்கள். மடிக்கும் அறைக்கும் மூட்டை கட்டும் அறைக்கும் நடுவிலுள்ள வாசலில் ஓர் இரும்புப் பட்டை அறையப்பட்டிருக்கிறது. அதன் ஒரு முனையில் ஆணி கழன்று, பட்டை ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. அந்த வாசலை நாளொன்றுக்கு நாற்பது முறை கடந்த ஒரு பெண் இன்று உயிரோடு இல்லை. அவளை அடித்துக் கொன்றான் என்று சொல்லி, அவள்மேல் ஒரு நாளும் கை நீட்டாத அவள் கணவனைக் காவலில் வைத்திருக்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பளியுங்கள். கேட்காமலே தீர்ப்பளித்ததன் பலனைத்தான் இங்கே பார்க்கிறோம்.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் மருத்துவமனைகளின் போர்வைகளும் விடியற்காலையில் இங்கே வந்து குவியும். பீப்பாய் போன்ற இயந்திரங்களில் சுழன்று, பிழிபட்டு, சூடேறிய உருளைகளின் நடுவே நுழைந்து, பலகைபோல் விறைத்து வெளியே வரும். அவற்றை மடிக்கப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவர் எதிரெதிரே நின்று மடிக்கும் விரிப்பை அவர்களில் ஒருத்தி மட்டும் தனியாகவே மடிப்பாள். விளிம்பைத் தாடையில் இடுக்கி, இரு கைகளையும் அகல விரித்து, மூன்றே வீச்சில் நான்காக மடித்து வைத்துவிடுவாள். 'நாலுமடி' என்பதுதான் அவளுக்கு அங்கே பெயர்.

மடித்ததைத் தள்ளுவண்டியில் தலைக்குமேல் அடுக்க வேண்டும். அடுக்கு சரிந்தால் மறுபடி துவைக்க வேண்டும். துவைத்தால் மேஸ்திரியின் வாயில் விழ வேண்டும். ஆகையால் இரண்டு கைகளும் அடுக்கை அணைத்துக்கொள்ளும். வண்டியைத் தள்ளுவது உடம்பின் பொறுப்பு. வண்டியைச் செய்தவன் ஓர் ஆணின் இடுப்பு உயரத்தை அளந்து கைப்பிடிக் கம்பியைப் பொருத்தியிருந்தான். தள்ளுகிறவர்களோ பெண்கள். நாலுமடி பன்னிரண்டு பேரில் மிகக் குள்ளம். அந்தக் கம்பி அவளுக்குச் சரியாக இடது விலாவின் அடியில் வந்து நிற்கும். சக்கரம் வாசல் பட்டையில் தட்டும்போதெல்லாம் கம்பி உள்ளே ஒரு குத்து குத்தும். "வண்டி முத்தம் குடுக்குதுடி" என்று பெண்கள் சிரிப்பார்கள். ஆணியை அடித்துத் தரச்சொல்லி மேஸ்திரியிடம் இரண்டு முறை கேட்டார்கள். "முத்தம் வேணாம்னா வீட்டுல இருங்க" என்றார் மேஸ்திரி. ஓர் ஆணி. ஒரு சுத்தியல். அரை நிமிட வேலை. அதுவும் நடக்கவில்லை.

நோய் அவள் ஈறில் தொடங்கியது. பல் துலக்கும்போது துப்பிய எச்சில் சிவந்திருந்தது. பிறகு எங்கும் இடித்துக்கொள்ளாமலே கையிலும் தொடையிலும் கருநீலத் திட்டுகள் எழுந்தன. கணுக்காலில் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள் பரவின.

தொழிலாளர்களைப் பார்க்கக் கூடம் ஒரு டாக்டரை அமர்த்தியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் அட்டையிலும் 'வேலைக்குத் தகுதி' என்று முத்திரை குத்துவது அவர் கடமை. 'சீல் டாக்டர்' என்று பெண்கள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நியாயத்தை மறைக்கக் கூடாது: முதல் வாரம் அவர் அவளுடைய இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். இரத்தம் உறைவதற்குத் தேவையான தட்டணுக்கள், இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் பதினோராயிரம் இருந்தன.

"ஒடம்புக்குக் காவல் இருக்குற சிப்பாய்ங்களே ஒடம்போட அணுவ எதிரின்னு நெனச்சு அடிக்கிறாங்கம்மா. அதான் இந்தத் திட்டு. மாத்திரை தரேன். ஒரு நாளும் விடக்கூடாது. நடுவுல சட்டுன்னு நிறுத்தினா ஆபத்து" என்றார்.

"ஐயா, மேஸ்திரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? நீ நின்னு வேலை பாத்தா எனக்குப் போதும்."

அவள் ஏன் அப்படிக் கெஞ்சினாள்? நாள்பட்ட நோயுள்ளவரைக் கூடம் வைத்துக்கொள்வதில்லை. வேலைப் பட்டியலில் பேர் இல்லாதவருக்குக் கூடத்தின் மருந்தகம் மாத்திரை தருவதில்லை. நோய் வந்தால் வேலை போகும். வேலை போனால் மருந்து போகும். இந்த விதியை எழுதியவன் எவனோ, அவன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கட்டும்.

அவள் வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். கணவர் பூட்டுப் பழுது பார்ப்பவர். தெருமுனையில் ஒரு பெட்டிக்கடைக்குள் உட்கார்ந்து சாவி அராவுவார். அவருடைய அக்காவும் அவர்களோடு இருந்தார். சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கும் பெண்மணி. நாக்கு கூர்மை, கை மென்மை. நாலுமடிக்கு நாத்தனார்.

மாத்திரை தொடங்கிய அன்றே பூட்டுக்காரர் அரத்தை எடுத்துக்கொண்டு வந்து வீட்டைச் சுற்றினார். கட்டிலின் நான்கு மூலைகளையும் அராவி உருட்டினார். மேசை விளிம்பை அராவினார். அலமாரிக் கதவின் தாழ்ப்பாளில் துணி சுற்றினார். தன் உடையிலிருந்து உதிரும் இரும்புத்தூளைத் தரையிலிருந்து காந்தத்தால் பொறுக்கினார்.

"என்னடா தம்பி, வீட்டையே சாவி ஆக்கப் போறியா?" என்றார் அக்கா.

"இவளுக்கு ஒரு கீறல் பட்டா ரத்தம் நிக்காதாம்க்கா."

"அப்ப என் நாக்குக்கும் துணி சுத்திடு. அதான் இந்த வீட்டுலயே கூரான சாமான்."

மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல்நிலையக் குறிப்பில் அது இல்லை.

கூடத்தில் கதை வேறாக வளர்ந்தது. மடிக்கும்போது கை உயரும். கை உயர்ந்தால் சட்டையின் கை நழுவும். நழுவினால் திட்டுகள் தெரியும். முதலில் பார்த்தவள் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி. வாய் ஓயாததால் 'ரேடியோ' என்று அழைக்கப்பட்டவள். ஒரு காலத்தில் குடித்துவிட்டு வந்து அடித்த கணவனை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தியவள். அப்படிப்பட்டவளின் கண்ணுக்கு அந்தத் திட்டுகள் வேறு எதுவாகத் தோன்றும்?

"என்னடி இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா."

"போன வாரமும் கதவு. அதுக்கு முந்தின வாரம் கட்டில். உங்க வீட்டுக் கதவு என்ன, குஸ்தி கத்துக்கிட்டிருக்கா?"

அன்று மாலை வேலை முடிந்தபோது பூட்டுக்காரர் வழக்கம்போல மனைவியை அழைத்துப்போக வாயிலில் நின்றிருந்தார். பதினோரு பெண்களும் அவரைச் சுற்றி வளைத்தார்கள். வாயிற்படியில் மேஸ்திரி பல்குத்திக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்ன பூட்டுக்காரரே," ரேடியோ தொடங்கினாள், "கடையில சுத்தியல் வேலை போதலயா, வீட்டுலயும் நடக்குதா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"இவ கையத் தூக்கிக் காட்டச் சொல்லு. எங்க பாத்தாலும் கன்னிப்போய்க் கெடக்கு. கேக்க நாதியில்லன்னு நெனச்சியா?"

"அக்கா, அவரு கை நீட்டினதே இல்ல" என்று நாலுமடி நடுவில் வந்தாள்.

"நீ சும்மா இரு. இந்தப் பாட்டு எல்லாப் பொண்டாட்டிக்கும் மனப்பாடம். நானே பத்து வருஷம் பாடியிருக்கேன். பூட்டுக்காரரே, உன்னத்தான் கேக்குறேன். அடிச்சியா இல்லியா?"

பூட்டுக்காரர் வாய் திறந்தார். நோய் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவர் பார்வை படியில் நின்ற மேஸ்திரிமேல் போனது. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் நாளைக்கு அவள் பேர் பட்டியலில் இருக்காது, மாத்திரை இருக்காது. அவர் தலை குனிந்தார்.

"தப்புதாங்க. இனிமே நடக்காது."

அதைக் கேட்டு நாலுமடி விம்மிவிட்டாள். அடிபட்டவளின் அழுகை என்றே எல்லோரும் நினைத்தார்கள்.  வீட்டுக்கு வந்ததும் அவள் கத்தினாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க? செய்யாத தப்ப ஒத்துக்கிட்டு வர்றதுக்கு உங்களுக்குக் கிறுக்கா?"

"பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுதும்மா. பேர வச்சு என்ன, பூட்டா தெறக்கப் போறோம்? மாத்திரை நின்னா என்ன பண்ணுவே?"

"நாளைக்குத் தெருவுல உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாங்க."

"சாவி தொலைஞ்சா முழிச்சுதான் ஆகணும்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அக்கா மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் பதினோரு பெண்களும் ஒரு மனு எழுதினார்கள். 'இவன் மனைவியை அடிக்கிறான். எங்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டான்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் காவல்நிலையத்தில் கொடுத்தார்கள். அங்கே பூட்டுக்காரரைக் கூப்பிட்டு மிரட்டி அனுப்பிவிட்டு, மனுவைக் கோப்பில் சொருகினார்கள்.

அந்தப் பெண்கள்மேல் கல்லெறிய அவசரப்படாதீர்கள். அடி வாங்கும் பெண்ணைக் கண்டும் காணாமல் போகிற உலகத்தில், பதினோரு பேர் நின்று கேட்டது பெருமைக்குரியது. அவர்கள் கோபம் நேர்மையானது. அது போய் விழுந்த இடம்தான் தவறானது. கணவன் மனைவி இருவரையும் உண்மையைப் பேசவிடாமல் செய்தது எது? நோய் என்று சொன்னால் சோறு போகும் என்ற அந்த விதி. குற்றப் பட்டியலில் முதல் பேராக அந்த விதியை எழுதுங்கள்.

அன்றுமுதல் நாலுமடி முழுக்கைச் சட்டை அணிந்து, மணிக்கட்டில் நூலால் கட்டிக்கொண்டாள். உருளைகளின் அனலில் சட்டை முதுகோடு ஒட்டும். ஏழு மாதம் அப்படியே உழைத்தாள். பதினைந்து முறை சீல் டாக்டர் முன் போய் நின்றாள். அவர் நாற்காலியில், அவள் மேசைக்கு இந்தப் பக்கம், இடையில் முத்திரையும் மைப்பெட்டியும். "எப்படி இருக்க? சரி. கையெழுத்துப் போடு." அவர் அறையில் நோயாளியைப் படுக்க வைக்க ஒரு கட்டில் இருந்தது. அதன்மேல் பழைய கோப்புகள் படுத்திருந்தன.

ஏழாம் மாதம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னடி, தட்டுல கோலம் போடுற?" என்றார் நாத்தனார்.

"ரெண்டு வாய்க்கே வயிறு நெறஞ்சிடுது அண்ணி. ஏதோ அடைச்சுக்கிட்டிருக்கிற மாதிரி."

நாத்தனாரின் ஊசி நின்றது. "குளிச்சு எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசமாத் தள்ளிப்போகுது."

மணம் முடித்து ஒன்பது ஆண்டுகள். நாத்தனார் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அடுத்த நான்கு நாட்கள் அந்த அறையில் திருவிழாதான். பூட்டுக்காரர் கடையிலிருந்து நேரத்தோடு வந்து பாத்திரம் கழுவினார். நாத்தனார் மிச்சத் துணிகளில் உள்ளங்கை அளவுச் சட்டை ஒன்று தைத்து, அதில் தன்னிடமிருந்த பட்டன்களிலேயே மிகச் சிறியவற்றைப் பொறுக்கி வைத்தார். "பையனோ பொண்ணோ, அப்பன் மாதிரி ஊமைக்கோட்டானா மட்டும் பொறக்கக் கூடாது" என்று முன்கூட்டியே திட்டினார்.

ஐந்தாம் நாள் சீல் டாக்டர் சிறுநீரைச் சோதித்தார். "கர்ப்பம் இல்ல. மாத்திரையால மூஞ்சி ஊதும், வயிறு ஊதும், தேதி தள்ளும். வாயு வேற இருக்கும்" என்றார். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தே சொன்னார். முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்து அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் முதுகைத் தடவினார்.

"சரி. கொழந்த இல்ல. போகட்டும்" என்றார் கடைசியில். "அப்ப இந்த வயித்துல இருக்கிறது என்னடி? திரும்பு."

விரல்களை இடது விலாவுக்குக் கீழே வைத்தார். துணியின் அடியில் விட்டுப்போன ஊசியைத் தடவித் தேடிப் பழகிய விரல்கள். அவள் மூச்சு இழுத்தபோது உள்ளிருந்து ஏதோ கீழிறங்கி வந்து அந்த விரல்களில் தட்டியது. பலகையின் ஓரம்போலக் கெட்டியாக இருந்தது. நாத்தனார் கையை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு உனக்கு லீவு நாள்தானே? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

திங்கட்கிழமை. வரிசையில் ஐந்து மணி நேரம். கடைசியில் பார்த்தவர் கண்ணாடி அணிந்த ஓர் இளம் பெண் டாக்டர்; பயிற்சிக்காக வந்தவர்.

"படுங்க. மூச்ச நல்லா இழுங்க. விடுங்க. மறுபடி."

டாக்டரின் முகம் மாறியது. பேனாவை எடுத்து, கைக்குத் தட்டுப்பட்ட ஓரத்தை ஒட்டி வயிற்றின்மேல் நீலமாக ஒரு கோடு வரைந்தார். விலாவிலிருந்து கோடுவரை விரல்களால் அளந்தார். ஆறு விரல்.

"இது மண்ணீரல். நல்லா இருக்குற ஆளுக்கு இது கைக்கே தட்டுப்படாது. உங்களுக்குச் சொல்லியிருக்கிற நோயில இது இவ்வளவு பெருசாகிறதில்ல. ஆயிருக்குன்னா பின்னால வேற ஏதோ ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். என்னன்னு தேடணும். இத்தன மாசமா யாருமே கை வச்சுப் பாக்கலயா?"

"நேத்து நாந்தான் வச்சேன்" என்றார் நாத்தனார்.

"நீங்க நர்ஸா?"

"பட்டன் தைக்கிறேன்."

 டாக்டர் சீட்டை எடுத்து வேகமாக எழுதினார்.

"வியாழக்கிழமைதான் படுக்கை கெடைக்கும். அன்னிக்கு வந்து சேந்துடுங்க. அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது. இந்தப் பக்கம் சின்ன இடிகூடப் படக் கூடாது. தண்ணி நெறச்ச பலூன் மாதிரி நெனச்சுக்கோங்க. ஒடைஞ்சா உள்ளயே ரத்தம் போகும், உங்க ரத்தம் நிக்கவும் நிக்காது. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. வேலை செய்யுற எடத்துல இந்தச் சீட்டக் காட்டுங்க."

செவ்வாய்க்கிழமை காலையில், வேறு வழியில்லாமல், நோயின் பேரைச் சொல்லாமல் அவள் நீட்டிய அந்தச் சீட்டை மேஸ்திரி தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"வெளி டாக்டர் சீட்டு இங்க செல்லாது."

"வண்டி மட்டும் தள்ளாம இருக்கேங்க. ஒரு எடத்துல உக்காந்து மடிச்சுத் தரேன்."

"உக்கார்றதுக்கு இது என்ன மாமியார் வீடா? நம்ம டாக்டர்கிட்டப் போ. அவரு என்ன சொல்றாரோ அதான். வியாழக்கிழமை லீவு வேணும்னா இன்னிக்கும் நாளைக்கும் ஒழுங்கா நின்னு வேலை பாரு. இல்லன்னா பேர அடிச்சிடுவேன்."

நம்ம டாக்டர் என்ன சொன்னார்? "நேத்து வந்த பொண்ணுங்க எல்லாம் நமக்குப் பாடம் எடுக்குது" என்றார். அவள் வயிற்றில் நீலக்கோடு இருந்தது. சட்டையை விலக்கச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். அவர் கை முத்திரையை எடுத்தது. 'வேலைக்குத் தகுதி.'

புதன்கிழமை காலையில் பூட்டுக்காரர் வாசலை மறித்து நின்றார். "போகாத. வேலை போனாப் போகட்டும். இன்னும் ஒரு நாள் மாத்திரை கையில இருக்கில்ல?"

"இன்னும் ஒரு நாள்தானேங்க வேலையும்? ஆஸ்பத்திரியில எத்தன மாசமோ. திரும்பி வந்தா நிக்க ஒரு எடம் வேணாமா? பாத்துப் பதனமாத் தள்ளிக்கிறேன்."

அவர் வழிவிட்டார். இதற்காகத்தான் அவர் இப்போது தன்னைத்தானே குற்றவாளி என்கிறார். காவல்நிலையத்தில் "நாந்தாங்க கொன்னேன், நாந்தான் போகவிட்டேன்" என்று அழுதாராம். அதில் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

அன்று பகல் பெரிய ஓட்டல் ஒன்றின் விரிப்புகள் வந்து மலையாய்க் குவிந்திருந்தன. பன்னிரண்டாவது வண்டியோ பதின்மூன்றாவதோ. நாலுமடி வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, வலது இடுப்பால் தள்ளிப் பார்த்தாள். பழகாத பக்கம், அடுக்கு ஆடியது. "சரியப் போகுதுடி!" என்று மேஸ்திரி கத்தினார். பதறித் திரும்பினாள். உடம்பு பழைய பழக்கத்துக்குப் போனது. சக்கரம் பட்டையில் முட்டியது. கம்பி விலாவுக்கடியில் ஏறியது.

அடுக்கு சரியவில்லை. அவள்தான் சரிந்தாள்.

பின்னால் வந்த ரேடியோ ஓடிவந்து தூக்கினாள். "என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. வண்டி முத்தம்." உதடு வெளுத்திருந்தது.

மாலை நான்கு மணிக்கு இடது தோள் வலிக்கிறது என்றாள். தோளில் அடி ஏதும் படவில்லை. உள்ளே ஒழுகும் இரத்தம் தோளில் வலியாகப் பேசும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? ரேடியோ தோளைப் பிடித்துவிட்டபடியே காதருகே கேட்டாள்.

"நேத்தும் அடிச்சானா?"

நாலுமடி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். மேஸ்திரி இரண்டு மேசைக்கு அப்பால் நின்றார்.

"இல்லக்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்கு ஆஸ்பத்திரியில வந்து பாருங்க, சொல்றேன்."

ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். தாகம் என்றாள். இரண்டு மடக்குக் குடித்தாள். நெற்றி ஈரமாகிக் குளிர்ந்தது. நாத்தனார் விளக்கைப் போட்டு வயிற்றைப் பார்த்தபோது அது பாறையாக இறுகியிருந்தது. பூட்டுக்காரர் அவளை இரு கைகளில் ஏந்தித் தெருவில் ஓடினார். ஓடியதைத் தெரு பார்த்தது. வண்டி கிடைத்து மருத்துவமனை சேர்வதற்குள் அவள் பேச்சு நின்றுவிட்டது. இரத்தம் ஏற்றினார்கள், ஏற்ற ஏற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வியாழக்கிழமைக்கென்று ஒதுக்கிய படுக்கை வியாழக்கிழமை காலியாகவே இருந்தது.

பிறகு நடந்தவை விரைவானவை. மண்ணீரல் கிழிந்து மரணம் என்றது பிரேதப் பரிசோதனை. உடம்பெங்கும் பழையதும் புதியதுமாகக் கன்றிய திட்டுகள் என்றும் எழுதியது. கூடம் தன் அட்டையைக் கொடுத்தது: செவ்வாய்க்கிழமைவரை 'வேலைக்குத் தகுதி'. இளம் டாக்டரின் சீட்டு எங்கே? இழுப்பறையில் அப்படி ஒன்றும் இல்லை என்றார் மேஸ்திரி. மருத்துவமனைப் பதிவேட்டில்? பேரும் 'வயிற்று உபாதை' என்ற குறிப்பும் மட்டும். அந்த டாக்டரோ பயிற்சி முறை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். காவல்நிலையம் கோப்பைத் திறந்தது. ஏழு மாதத்துக்கு முந்தைய மனு கிடைத்தது, பதினோரு கையெழுத்து, ஒப்புதல். நல்ல உடம்போடு வேலையிலிருந்து வந்தவள், வீட்டுக்குள் விழுந்திருக்கிறாள். வேறு என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து ரேடியோ அந்த வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"வா," என்றார் நாத்தனார். "கொலகாரன் வீட்டப் பாக்க வந்தியா?"

"நான் அவள என் தங்கச்சியா நெனச்சேன்."

"தெரியும். அதான் இன்னும் உன்ன வெளியில தள்ளாம இருக்கேன். இந்தக் கட்டில் மூலையத் தொட்டுப் பாரு."

ரேடியோ தொட்டாள். உருண்டிருந்தது.

"மேசையத் தொடு. அந்தத் தாழ்ப்பாளப் பாரு. அவ ஒடம்புல ஒண்ணும் படக் கூடாதுன்னு அரத்தத் தூக்கிக்கிட்டு வீடு பூராச் சுத்தினவன் அவன். இந்தா, மாத்திரை அட்டை. ஏழு மாசம். ரத்தச் சீட்டு. ஸ்டேஷன்ல நீட்டினேன், வாங்கிப் பாக்கல. படிக்கத் தெரியுமில்ல, படி."

ரேடியோ படித்தாள். தட்டணு எண்ணிக்கையின் பக்கத்தில், மனு எழுதிய நாளுக்கு முந்தைய தேதி.

"அப்ப... ஏன் ஒத்துக்கிட்டாரு? எங்க முன்னாடி ஒத்துக்கிட்டாரே!"

"மேஸ்திரி நின்னான் இல்ல? வியாதின்னு சொல்லியிருந்தா உங்க நாலுமடி மறுநாள் வேலையில இருந்திருப்பாளா? நீயே சொல்லு."

 ரேடியோ சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"கம்பி குத்தினத நான் பாத்தேன். என் கண்ணு முன்னாடிதான் விழுந்தா. மத்தவளுங்களும் பாத்தாளுங்க."

"அப்ப வந்து சொல்லு."

"நேத்து மேஸ்திரி எல்லாரையும் நிக்க வச்சுட்டாரு. 'கூடத்துல ஒண்ணும் நடக்கல. நடந்துச்சுன்னு எவளாவது சொன்னா, அன்னிக்கே பட்டியல்லேர்ந்து பேரு போகும்'ன்னாரு. கூடத்துல எனக்கு மட்டுமா, பதினோரு குடும்பம் அண்ணி."

நாத்தனார் முடிக்காமல் கிடந்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ போய்ச் சொல்லித்தான் அவன் உள்ள போனான். நீ வந்து சொன்னாத்தான் வெளிய வருவான். இதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியாது. நூல் கோக்கணும். கண்ணு தெரியல, நீ கோத்துக் குடுத்துட்டுப் போ."

ரேடியோ நூலைக் கோத்துக் கொடுத்தாள். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லாமல் போய்விட்டாள்.

விசாரணை நாளை காலை பத்து மணிக்கு. இதைப் படிக்கிறவர்களே, கண்ணீர் விட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். கண்ணீருக்கு அங்கே இடமில்லை, வாக்குமூலத்துக்குத்தான் இடம்.

பதினோரு சகோதரிகளே! அடிக்கிற கையைத் தட்டிக்கேட்கும் துணிவு உங்களுக்கு உண்டு என்று அன்று வாயிலில் நிறுவினீர்கள். நீங்கள் அன்று தேடிய கை இந்த உலகத்தில் இருக்கவே செய்கிறது. அது முத்திரை பிடித்த கை. சீட்டை மறைத்த கை. ஒருத்தி சொன்னால் ஒருத்தியின் வேலை போகும். பதினோரு பேரும் ஒன்றாகச் சொன்னால், நாளை மறுநாள் எவரை வைத்து மடிப்பார்கள்? ஒன்றாக வாருங்கள். தெரியாமல் எழுதினோம், தெரிந்து திருத்துகிறோம் என்று அதே பதினோரு கையெழுத்தை இடுங்கள்.

இளம் டாக்டரே! எந்த ஊரில் எந்த வார்டில் நின்றாலும் இது உங்கள் காதில் விழட்டும். நீங்கள் ஆறு விரல் அளந்தீர்கள். வந்து அளவைச் சொல்லுங்கள்.

தொழிலாளத் தோழர்களே! உங்கள் கூடத்திலும் ஒரு மேசையும் ஒரு முத்திரையும் இருக்கும். அடுத்த முறை அட்டையை நீட்டாதீர்கள். அந்தக் கட்டிலின் கோப்புகளை எடுத்துக் கீழே வையுங்கள். அதில் ஏறிப் படுங்கள். "கை வைத்துப் பார்த்துவிட்டுக் குத்து" என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்பவரும் அதையே சொல்லட்டும். நோயுற்றவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் விதியை அடிக்கும்வரை ஓர் அட்டையும் நகரக் கூடாது.

மற்றவர்களே! பார்த்தவர்கள் பேச அஞ்சுவது தனியாக நிற்பதால். ஆகவே நாளை ஒன்பதரை மணிக்கே விசாரணை அறைக்கு வெளியே வந்து நில்லுங்கள். அந்தப் பெண்களில் முதல் ஒருத்தி தெருமுனையில் தயங்கி நின்றால், அவளுக்கு வழிவிட்டு, அவளோடு உள்ளே நடந்து போங்கள்.